ஒன்பது தடவை பிடுங்கிய மைக்

மூக்கண்டப்பள்ளியில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த இருவரும் ஒரே கம்பெனியின் நீலச் சட்டையில் இருந்தார்கள். மூத்தவர் சொன்ன ஒன்றில்தான் என் காது அங்கே போனது.

“மொதல் பாகத்துல எனக்கு நெஜமாவே கோவம் வந்துச்சுடா. இதுல, டைரக்டரு சொல்றப்ப வரணும்னுட்டாங்க.”

பேச்சு ஒரு படத்தைப் பற்றி. இல்லாத ஓர் ஆர்கெஸ்ட்ராவை இருப்பதுபோலவே டாக்குமெண்டரியாகக் காட்டிய கேலிப் படம். மூன்று மொழி புழங்கும் இந்த எல்லைப் பக்கம் அதைக் கொண்டாடாதவர்கள் குறைவு. இப்போது இரண்டாம் பாகம் வந்திருக்கிறது.

“எங்கூர்த் திருவிழாவுல தமிழ்ப் பாட்டு ஒண்ணுன்னா, கன்னடம் ஒண்ணு, தெலுங்கு ஒண்ணு பாடியே ஆவணும். மொதல் படத்துக்காக அங்க பாட வந்தவனுங்க தெலுங்க உட்டுட்டானுங்க. டூப்பு குரூப்புன்னு எனக்கென்ன தெரியும்? மேடையேறி மைக்கப் புடுங்கிட்டேன்.”

“அந்த சீனுக்குத்தாண்ணா தியேட்டரே விசிலடிச்சுது.”

“இந்தவாட்டி என்னக் கூப்ட்டு, பட்டுச் சட்ட மாட்டிவுட்டு, ஒம்போது தடவ புடுங்க வெச்சானுங்க. அதவுடு, அப்ப கண்றாவியா பாடுனவனுங்க இப்ப நல்லா வேற பாடுறானுங்கடா! அப்புறம் எங்கேர்ந்து சிரிப்பு வரும்? ஜோக்கு சொல்லிட்டு அவனுங்களே சிரிச்சுக்கறானுங்க.”

“பாதிப் பேரு இன்டர்வெல்லயே கெளம்பிட்டாங்கண்ணா.”

“நீ இருந்தியா?”

“உங்களுக்காக இருந்தேன்.”

மூத்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“என் சீன் எப்படிடா இருந்துச்சு?”

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீங்க கைய நீட்றதுக்கு முன்னாடியே அந்தப் பாடுறவன் மைக்கக் குடுத்துட்டாண்ணா.”