கம்பி சுடுதா?

"ஹலோ... ஆங், நான்தான். எருக்குவியல்கிட்டதான் நிக்கிறேன்... ஆமா, ஆமா, ஸ்வெட்டர் போட்டிருக்கேன். பேரப்பய எப்படி இருக்கான்?... சம்பந்தியம்மாவும் வந்துட்டாங்களா, நல்லதாப் போச்சு... சரி, சரி, குவியலுக்கே வரேன்."

மகளின் பேறுகாலத்துக்குப் போன மனைவி, முதல்முறையாக எருக்குவியலை அவர் பொறுப்பில் விட்டுப் போயிருந்தாள். வசந்த விதைப்புக்குள் அது மக்கியாக வேண்டும்.

"அது... இன்னும் மக்கல... மக்குங்கிறியா? குவியலையா சொல்ற?... ஓ, என்னையா. சரி."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் என்னத்தக் கண்டேன்? போன வாரம் ஒருநாள் காலைல எந்திரிச்சுப் பாத்தா குபுகுபுன்னு புகை. தீப்பிடிச்சிருச்சுன்னு ஹோஸை எடுத்து... ஆமா, ஊத்தினேன்... கொஞ்சம்தான்... சரி, தொட்டி காலியாகற வரைக்கும்... ஆவின்னு இப்பத் தெரியுது. சூடு ஏறினா ஆவி வரும்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?... சொன்னியா? எப்ப?... பஸ்ல ஏறிக்கிட்டே சொன்னா எவன் காதுல விழும்?"

மறுமுனையில் அர்ச்சனை நீண்டது. போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கோழிகளைப் பார்த்தபடி நின்றார். அவைகூட அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தன.

"கேட்டுட்டுதான் இருக்கேன்... அதெல்லாம் செஞ்சாச்சு. மொத்தத்தையும் புரட்டி, வைக்கோலு, கோழி எரு எல்லாம் கலந்து, தார்ப்பாய் போட்டு மூடி... இடுப்பு கழண்டு போச்சு. அதுக்கு ஒரு சபாஷ் கிடையாதா?... சரி, சரி, கம்பியப் பாக்கறேன்."

குவியலின் நடுவே ஓர் இரும்புக் கம்பி செருகியிருந்தது. உருவித் தொட்டால் சுட வேண்டும். சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

"என்னது?... சுட்டா குளிர் முடியற வரைக்கும் அங்கேயே இருந்துடுவியா?... சுடலன்னா நாளைக்கே கிளம்பி வரியா... இல்ல, சும்மா கேட்டேன். எனக்கென்ன, நான் பாட்டுக்கு ராஜா மாதிரி இருக்கேன்."

கம்பியை உருவித் தொட்டார். விரல் சுரீரென்றது. பட்ட பாடு வீண்போகவில்லை என்று சந்தோஷமாகச் சொல்ல வாயெடுத்தவர், திரும்பி வீட்டைப் பார்த்தார். சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. கொடியில் அவருடைய சட்டைகள் மட்டும் தொங்கின. அவள் இல்லாத வீடு அவருக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.

"ஸ்ஸ்... ஒண்ணுமில்லம்மா, குளிருது... கம்பியா? ஐஸ் மாதிரி இருக்கு... ஆமா, ஆமா, நல்லாத் தொட்டுத்தான் பாத்தேன். என் கைக்கு இது சரிப்பட்டு வராது, நீ வந்தாத்தான் ஆகும்... ஊதற சத்தமா? நான் எங்க ஊதறேன்?... எதுக்கு இப்ப சிரிக்கிற?... நாளைக்கேவா? எந்த பஸ்?... சரி, சரி, வந்து நிக்கிறேன்... என்னது, வரும்போது தீப்புண்ணுக்கு மருந்து வாங்கிட்டு வரியா? எதுக்கு?... ஹலோ... ஹலோ?"