பொட்டலத்தின் பின்பக்கத்தில் இல்லாதது

காலையில் சோற்றோடு இரண்டு சாசேஜ் வைத்துவிட்டால் ஆண்கள் மறுபேச்சு பேசாமல் சாப்பிட்டுவிடுவார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், ஐயா. என் கணவர் யசுஹாருவுக்கு அதைக் கத்தியால் லேசாகக் கீறி எண்ணெயில் புரட்டித் தர வேண்டும். கறி அடைத்த அந்தத் தோல் வெடிக்கிற சத்தம் கேட்டால்தான் மனிதருக்குப் பொழுது விடியும்.

அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சனியும் ஞாயிறும் இயந்திரம் கிடையாது. அந்த இரண்டு நாளும் உடம்பில் சேர்ந்தது சேர்ந்தபடியே கிடக்கும். எங்களைப் போன்ற நோயாளி வீட்டாருக்கு அங்கே சமையல் வகுப்பு நடத்தினார்கள். அரிமுரா என்று சத்துணவு பார்க்கிற பெண், சிரித்த முகம். சாசேஜ் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“பின்பக்கம் பாருங்கம்மா. சக்தி, புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, உப்பு. அவ்வளவுதான் போட்டிருக்கான். புரதம் நல்லதுதானேன்னு வாங்கிடாதீங்க. கறி ஒட்டிக்க பாஸ்பேட் சேர்க்கிறாங்க. நம்ம ஆளுங்களுக்கு அதுதான் எமன். எவ்வளவு இருக்குன்னு இந்தக் கட்டத்துல எங்கயும் இருக்காது.”

“அப்போ சாசேஜே கூடாதா? எங்க வீட்டுக்காரர் என்னையே வறுத்துத் தின்னுடுவாரே” என்றாள் ஒரு அம்மாள். எல்லாரும் சிரித்தோம்.

“ஆசைக்கு ஒண்ணு ரெண்டு கொடுங்க. மெல்லிசா நறுக்கி வேகவைங்க. உப்பும் பாஸ்பேட்டும் பெரும்பாலும் தண்ணியில இறங்கிடும். தண்ணியைக் கொட்டிடுங்க.”

அவள் சொன்னபடியே நறுக்கினேன், வேகவைத்தேன், வடிகட்டினேன். கொட்டத்தான் பாத்திரத்தைத் தூக்கினேன். மேலே கொழுப்பு மின்ன, அருமையான வாசனை. ஒரு பருக்கைச் சோற்றைக் கிண்ணத்தில் விட்டாலும் அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். கொட்டக் கை வரவில்லை. முள்ளங்கியை வில்லைகளாகப் போட்டு, அந்தத் தண்ணீர் சுண்டும்வரை அதிலேயே வேகவிட்டேன். முதல் தடவை அது வெறும் சிக்கனம்தான். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

“இன்னைக்கு முள்ளங்கி நல்லா இருக்கே” என்றார் யசுஹாரு. சமையலை அவர் பாராட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் மறுபடியும் செய்தேன்.

அந்த மாத ரத்தப் பரிசோதனையில், பாஸ்பேட்டிலிருந்து சேருகிற பாஸ்பரஸ் ஏறியிருந்தது. செவிலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குடும்பப் பெயரைச் சொல்லி அவரைக் கேட்டாள்: “என்ன குவாபாரா ஐயா, வீட்டம்மாவுக்குத் தெரியாம கடையில பூந்து விளாசுறீங்களா?”

“ஐயோ, இல்லம்மா. இவ போடுறதைத்தான் திங்கிறேன். வேணும்னா இவளையே கேளுங்க.”

செவிலி என்னைப் பார்த்தாள். “நறுக்கி, வேகவைச்சுதான் கொடுக்கிறேன்” என்றேன். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

“பார்த்தீங்களா? மாட்டிக்கிட்டீங்க. ரத்தம் பொய் சொல்லாது ஐயா.”

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜத்தைச் சொல்லியும் யாரும் நம்பாதபோது ஒரு முகம் எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும்.

எங்களுக்கு முதலில் ஒரு பையன் இருந்தான். ஷூஜி. நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. ஒரு காலையில் அவன் மூச்சு சரியில்லை என்று இவரிடம் சொன்னேன். காரை எடுங்கள் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். “உனக்கு எல்லாமே பெருசுதான்” என்று சொல்லிவிட்டு அதே காரில் வேலைக்குப் போனார். குழந்தையின் பிணத்துக்கு முன்னால் உறவுக்காரர்கள் கேட்டபோது, தலையைக் குனிந்துகொண்டு, “அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னேன், சொன்னேன் என்று கத்தினேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவர் ஒரே ஒரு தடவை, “நீ சொன்னே, நான்தான் கேக்கல” என்று சொன்னால் போதும் என்றிருந்தது. யார் முன்னாலும் வேண்டாம், என்னிடம் சொன்னால் போதும். இத்தனை வருடமும் அதற்காகத்தான் அந்த வீட்டில் இருந்தேன்.

நம்பப்படாமல் இருப்பது எப்படி என்று அவருக்குப் புரிந்தால் தானாகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அது நியாயமான நினைப்புதானே. அதற்குப் பிறகு முழுப் பொட்டலத்தையும் வேகவைத்தேன். அவருக்கு இரண்டு துண்டு. சாரம் போன மிச்சத்தை நானே சாப்பிட்டேன். அட்டையை மென்ற மாதிரி இருக்கும். தண்ணீர் முழுதும் அவருடைய முள்ளங்கிக்கு. மீந்தால் பாட்டிலில் ஊற்றி உறைய வைத்தேன்.

எல்லாரும் அவரைத் திட்டினார்கள். உப்பினால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பார், எடை ஏறும், அதற்கும் திட்டு விழும். மகள் மிட்சுயோ வந்து அவருடைய கோட்டுப் பைகளை உதறிப் பார்த்தாள்.

“அம்மா உங்களுக்காக வெந்து சாகுறா. உங்களுக்கு வெக்கமா இல்லையாப்பா?”

“நான் திருடித் தின்னலடி” என்று அழுதார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவர் தோளைத் தடவிக் கொடுத்தேன். இப்போதாவது சொல்லுவாரா என்று காத்துக்கொண்டே தடவினேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கால் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. அடுப்படிக்கு மெல்ல நடந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

கத்தியைக் கீழே வைத்தேன். ஷூஜியைப் பற்றிச் சொன்னால் அடுப்பில் இருப்பதை அப்படியே கொட்டிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். சத்தியமாக முடிவு செய்தேன், ஐயா.

“நான்தான் தின்னேன். எல்லாரும் சொல்றது நிஜம்தான். கடையில வாங்கி, நின்னுக்கிட்டே தின்னேன். உன்னை ரொம்பப் படுத்திட்டேன். மன்னிச்சிடு.”

“வேற ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டேன்.

நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். “வேற என்ன இருக்கு?” என்றார்.

சாப்பாடு எடுத்து வைத்தேன். முள்ளங்கியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். திங்கள்கிழமை காலை, மருத்துவமனை வண்டி வருவதற்கு முன்பே, வாசலில் காலணி மாட்டுகிற இடத்தில் உட்கார்ந்தபடியே இதயம் நின்றுவிட்டது.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு மிட்சுயோ குளிர்பெட்டியைத் துடைத்தாள். “இந்த பாட்டில் எல்லாம் என்னம்மா?” என்று கேட்டாள். அந்தத் தண்ணீரைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவள் கேட்டாள், சொல்லிவிட்டேன். அவள்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

கொன்றது நான்தான். அதில் ஒளிக்க எதுவும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை. அவர் ஒரு துண்டுகூடத் திருட்டுத்தனமாகத் தின்றதில்லை. அது எனக்குத் தெரியும். சாகப்போகிற நேரத்திலும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அந்த மனிதருக்கு எப்படி மனசு வந்தது?