கேட்காமல் எழுதிய தேதி

நடுநாயகமாக வீற்றிருந்து இந்த ஆண்டு விழாவை நடத்திக்கொண்டிருக்கிற, நான் எப்போது பேச்சை முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் சங்கத் தலைவர், பெரியவர் விருத்தாசலம் ஐயா அவர்களே! விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிற படச்சட்டத் தொழிலின் பெருமக்களே! கண்ணாடி வெட்டிக் கை வெட்டுப்பட்ட அண்ணன்மார்களே! அந்தக் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டிய தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் திண்டிவனம் புனிதாவின் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'நம் தொழிலின் சிறப்பு'. நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நாற்பத்தைந்து டிகிரியில் நறுக்கிய நான்கு பட்டைகளை நகக்கண் இடைவெளி இல்லாமல் சேர்க்கிற நம் கைத்திறனைப் பற்றி அழகழகாக எழுதியிருந்தேன். புதன்கிழமை அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஐயா, நீங்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. பயப்படாதீர்கள், சங்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. என்னைக் குறை சொல்ல வந்திருக்கிறேன்.

பதினான்கு வருடமாகத் திண்டிவனத்தில் கடை நடத்துகிறேன். இன்றைக்கும் உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் சுத்தியலோடு நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு, "ஓனர் இல்லிங்களாம்மா?" என்று கேட்கிறார்கள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கொஞ்ச நேரத்தில் சிரிக்க மாட்டீர்கள்.

நம் கடைக்கு யார் வருகிறார்கள்? கல்யாணம் ஆனவர்கள் வருகிறார்கள். பட்டம் வாங்கியவர்கள் வருகிறார்கள். அவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்போம். மாப்பிள்ளை எந்த ஊர், பெண் என்ன படித்திருக்கிறாள், எல்லாம் கேட்போம். ஆனால் துக்கத்தோடு ஒருவர் வந்தால்? நாக்கைக் கட்டிக்கொள்வோம். பெயர் என்ன, தோற்றம் என்றைக்கு, மறைவு என்றைக்கு, படம் என்ன அளவு. இந்த நான்கைத் தவிர ஐந்தாவதாக ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். எப்படி இறந்தார் என்று கேட்டு வெந்த புண்ணைக் கிளறக் கூடாது என்பது நம் தொழிலின் மரியாதை. அந்த மரியாதைதான் என்னைக் கொலைகாரி ஆக்கப் பார்த்தது.

போன திங்கட்கிழமை ஒரு பெரியவர் வந்தார். பெயர் கோதண்டபாணி. கண்டமங்கலம் பக்கத்தில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் நான்கு நாள் தாடி. ஒரு பெண்ணின் படத்தைக் கொடுத்தார். பெயர் கலைப்பிரியா, வயது இருபத்து மூன்று. மகள் என்றார். மறைந்த தேதி சொன்னார். பத்து நாள் கூட ஆகவில்லை. இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேனா? இல்லை. நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், தோற்றம் எழுதினேன், மறைவு எழுதினேன். குங்குமப்பொட்டு வைத்தேன். சின்ன விளக்கும் பொருத்திவிட்டேன்.

புதன்கிழமை காலை அந்தப் படத்தை மேசை மேல் நிறுத்தி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வானூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். சிவப்புப் புடவை, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட வேண்டும் என்றாள். என்ன அளவு என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். அம்மாடி! அதே நெற்றி. அதே கண். இடது புருவத்துக்கு மேலே அதே மச்சம். பொட்டு வைத்து, விளக்குப் போட்டு, நான் கதை முடித்துவிட்ட பெண், என் எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறாள்! அவள் அலறவில்லை. அடங்கின குரலில் சொன்னாள்: "அக்கா, நீங்க கீழ எழுதி இருக்கீங்க இல்ல, அந்தத் தேதியிலதான் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு."

தாய்மார்களே, தலையில் கை வைத்துக்கொள்கிறீர்களே, நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அவள் கட்டிக்கொண்டது தேவா என்கிற பையனை. புதுச்சேரிக்குப் போய்க் கட்டட வேலை செய்கிறவன். அவள் காதலித்தது குற்றமில்லையாம். அவன் வேறு சாதியாய் இருந்தது குற்றமாம். அதனால் அப்பா மகளுக்குச் சாவு வைத்துவிட்டார். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று அவரும் தூரத்துக் கடைக்கு வந்தார். அதே பயத்தில் அவளும் தூரத்துக் கடைக்கு வந்தாள்.

அந்தப் பெண் தனக்காக அழவில்லை. அம்மாவுக்காக அழுதாள். அம்மா பெயர் அம்மணி. வீட்டுக்குத் தெரியாமல் தினம் ஒரு தடவை மகளோடு போனில் பேசுகிறார். பதினாறாம் நாள் காரியத்தில், அந்தப் படத்தின் முன்னால் அம்மணி அம்மாளை உட்கார வைத்து அழச் சொல்வார்களாம். அழுது முடித்ததும், இனி மகள் என்ற பேச்சே எடுக்க மாட்டேன் என்று அந்தப் படத்தின் மேல் சத்தியம் செய்ய வேண்டுமாம். "எங்கம்மா தெய்வத்துக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டா மீற மாட்டாங்கக்கா. அப்புறம் எனக்குப் போன் வராது" என்றாள். யோசித்துப் பாருங்கள்! உடல் இல்லாத சாவுக்கு எதை நடுவில் வைத்து அழுவார்கள்? படத்தைத்தானே! படம் இல்லாவிட்டால் காரியம் ஏது?

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது. கோதண்டபாணி ஐயா படத்தை வாங்கிப் போக வந்துவிட்டார். "அப்பா" என்றாள் மகள். அவர் திரும்பவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள், அவர் கண்ணுக்குத் தெரியவில்லை! நேராக மேசைக்கு வந்தார். படத்தின் கண்ணாடியில் ஒரு தூசி இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவள் கன்னத்து மேலிருந்த அந்தத் தூசியை மெதுவாக, அத்தனை மெதுவாகத் துடைத்தார். பக்கத்தில் நிற்கிற மகளின் கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது, அதைத் துடைக்க அந்தத் துண்டு போகவில்லை. ஐயோ, என்ன மனுஷன் இவர்! இன்னும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

படத்தைத் தர மாட்டேன் என்று சொன்னேன். உயிரோடு இருக்கிறவளுக்கு என் கடையில் மறைவுத் தேதி கிடையாது என்றும் சொன்னேன். அப்போதுதான் அவர் என்னை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார். "எழுதினது உன் கைதானேம்மா? அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டியா?"

பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கினேன், படத்தை உருவி அவரிடம் கொடுத்தேன், தேதி எழுதிய தாளைக் கிழித்தேன். அவர் படத்தை மடியில் செருகிக்கொண்டு, விழுப்புரத்தில் கடையா இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

விழுப்புரத்தில் கடையா இல்லை? அவையோரே, அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன். நாளைக் காலை பதினாறாம் நாள். இந்த மண்டபத்தில் நாற்பது கடைக்காரர்கள் இருக்கிறீர்கள். நாற்பது பேரும் மறுத்தால் அந்தத் தாய் எதன் முன்னால் உட்காருவாள்? எதன் முன்னால் அழுவாள்? எதன் மீது சத்தியம் செய்வாள்? வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் இல்லையா? இனிமேல் ஐந்தாவது கேள்வியையும் கேட்போம். என்ன ஆயிற்று உங்கள் பிள்ளைக்கு என்று வாய்விட்டுக் கேட்போம். சம்மதமா? சம்மதம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்!

அடேயப்பா, நன்றி. தாய்மார்களும் தூக்கியிருக்கிறீர்கள். நன்றி. மூன்றாவது வரிசையில் நம்ம விழுப்புரம் கடை சீனுவாசன், உங்கள் கை ஏன் எழவில்லை? எழுந்து சொல்லுங்கள், தம்பி. ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள்.

"அக்கா... நேத்து சாயங்காலம் என் கடையிலதாங்க்கா போட்டுக் குடுத்தேன். வூட்டுக்கே போயி ஆணி அடிச்சி மாட்டிட்டு வந்தேன். எந்தச் சுவத்துலன்னு அந்தம்மாவக் கேட்டேன். அவங்க வாயே தொறக்கல, என் கையவே பாத்துக்கினு இருந்தாங்க. துக்கத்துல இருக்காங்கன்னு நானும் ஒண்ணும் கேக்கலக்கா."

ஐயோ. மாட்டியே விட்டீர்களா?

யாரும் அவரைத் திட்டாதீர்கள். உட்காருங்கள், தம்பி. அவர் செய்ததை அவருக்கு முன்னால் நான் செய்தேன். என் அதிர்ஷ்டம், அந்தப் பெண் என் கடைக்கு வந்தாள். அவர் கடைக்கு வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தலைவர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், முடித்துவிட்டேன். இப்போது மணி பன்னிரண்டரை. இங்கிருந்து கண்டமங்கலம் அரை மணி நேரம். பந்தியில் இலை போட்டுவிட்டார்களாம், சமையல்காரர்கள் என்னை மன்னிக்கட்டும். நான் கிளம்புகிறேன். வருகிறவர்கள் வாருங்கள். சண்டைக்குப் போகவில்லை. எங்கள் கை தப்பாக எழுதிவிட்டது, திருத்திக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று அந்த வாசலில் நின்று கேட்போம். கோதண்டபாணி ஐயா கதவைச் சாத்தினால், வெளியில் நின்று அம்மணி அம்மாளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன்: உங்கள் பெண்ணை இந்தக் கண்ணால் பார்த்தேன், நன்றாக இருக்கிறாள், உங்கள் போனுக்குக் காத்திருக்கிறாள்.

பேச வாய்ப்புத் தந்த சங்கத்துக்கும், பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், கண் கலங்கிய தாய்மார்களுக்கும் என் நன்றியும் வணக்கமும். சீனுவாசன், நீங்கள் முன்னால் நடங்கள். அந்த ஆணியை அடித்தது நீங்கள், பிடுங்க வேண்டியதும் நீங்கள்தான்.