பெரிய மூளை யாருடையது?

"பெருசா இருக்கே, இதுதேன் என்னுது. ஆம்பள மூளை எப்பவுமே பெருசு" என்றார் முன் சீட்டில் இருந்தவர். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் பஸ். கணவனும் மனைவியுமாக பைக்கிலிருந்து விழுந்து, ஆளுக்கொரு தலை ஸ்கேன் எடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன தெம்பில் ஊர் திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இரண்டு கறுப்பு ஃபிலிம்களையும் உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார்.

"அப்ப இந்தச் சின்னது என்னுதா?" என்றார் மனைவி.

"பின்ன?"

"ஓரத்துல பேரு போட்டிருக்கு பாருங்க. படிங்க."

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்."

"ம்க்கும், பெரிய மூளைதேன்!"

அந்தப் பக்கம் வந்த கண்டக்டரிடம் கணவரே அந்தப் பெரிய படத்தை நீட்டினார். அவர் ஓரத்தில் இருந்த பெயரைப் படித்தார்.

"செசிலி மேரி."

"அது நாந்தேன்!"

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க செம்பட்டிக்கு டிக்கெட் வாங்குனவங்கல்ல? செம்பட்டி, செம்பட்டின்னு தொண்ட கிழியக் கத்துனேனே! அது போயி செத்த நேரமாச்சு."

கணவர் மனைவி பக்கம் திரும்பினார். "பெரிய மூளைக்காரி நீதான? சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது? இம்புட்டு நேரமும் அது உங்க கையிலதான இருந்துச்சு!"