நிற்காத முள்

அக்கா: கதவைச் சாத்துடா! காத்து வந்தா முள் ஆடும்.

தம்பி: சாத்தியாச்சு, இங்கயே நிக்கிறேன்... லேசர் லேப்ல ராணி மாதிரி இருந்தவ. பிசிக்ஸ விட்டுட்டு அறிவியல் வரலாறுன்னு கெளம்பி, இப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு தராச வெச்சுக்கிட்டு...

அக்கா: சும்மா தராசு இல்ல. இருநூறு வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவுல ஒருத்தர் மின்விசைய அளக்கச் செஞ்சது. அவர் வேலை செஞ்ச அறைய அப்ப வரைஞ்ச இந்தப் படத்தப் பாத்து அப்படியே திரும்பச் செஞ்சிருக்கேன்.

தம்பி: அவர் அளந்தாச்சு, புத்தகத்துல போட்டாச்சு. அரைச்ச மாவையே அரைக்கிறதுக்கு ஒரு வேலையா?

அக்கா: புத்தகத்துல ஒரு வரிதான்டா இருக்கு. அந்த வரி எப்படி வந்துச்சு? லேப்ல இதக் கேட்டா, "வேலையப் பாரும்மா"ன்னாங்க. இங்க இதுதான் வேலை.

தம்பி: நாப்பது வயசுல சின்னப் பசங்களோட பெஞ்சுல உக்காந்தியே... கூச்சமா இல்லியா?

அக்கா: மொத வாரம் இருந்துச்சு. என்ன, இன்னிக்கு கேள்வியாக் கேக்குற?

தம்பி: சும்மாதான்... எங்க லேப் லீவு. பொழுது போகல.

அக்கா: ம்...

தம்பி: சரி, முள்ளுக்கு என்ன கேடு?

அக்கா: அவருக்கு நின்னுருக்கு. எனக்கு நிக்க மாட்டேங்குது. இடது பக்கமாவே நகருது.

தம்பி: இரு... எப்பவும் அந்த இடது பக்கம்தான் உக்காருவியா?

அக்கா: ஆமா, இங்கதான் வெளிச்சம்.

தம்பி: எந்திரி. அந்தப் பக்கம் போய் உக்காரு... பேசாத... கொஞ்ச நேரம்... அக்கா, இப்ப வலது பக்கம் போகுது!

அக்கா: அட!

தம்பி: நீதான்க்கா! உன் உடம்புச் சூடு. ஒரு பக்கத்துக் காத்து மட்டும் சூடாகி முள்ள அசைக்குது.

அக்கா: அப்ப அவருக்கு உடம்புல சூடே இல்லியா?

தம்பி: படத்தக் குடு... இதுல ஏன் ரெண்டு நாற்காலி?

அக்கா: அவர் தனியாத்தான் வேலை செஞ்சார்னு புத்தகம் சொல்லுது.

தம்பி: புத்தகம் கெடக்கு! எதிர்ல இன்னொருத்தர் உக்காந்திருக்காங்க. ரெண்டு பக்கமும் ஒரே சூடு. நகராத, நான் இங்க உக்காருறேன்... பாரு... பாரு... நின்னுடுச்சு! யாருக்கா அது? பொண்டாட்டியா? தங்கச்சியா? பேரக்கூடப் போடல, பாவிங்க!

அக்கா: அதத்தான் தேடணும்.

தம்பி: எங்க தேடுவ? வீட்டு வாடகைச் சீட்டு, சர்ச் பதிவு... இல்ல, படம் வரைஞ்சவன் யாருன்னு பாத்தா... அக்கா.

அக்கா: சொல்லு.

தம்பி: லேப் லீவு இல்ல. வேலைய விட்டுட்டேன். ரெண்டு மாசமாச்சு, வீட்ல யாருக்கும் தெரியாது. எதப் பாத்தாலும் ஏன்னு கேக்கத் தோணல... அவ்ளோதான், நான் முடிஞ்சேன்னு பயந்துட்டேன்.

அக்கா: தெரியும்டா. உன் லேபுக்குப் போன் பண்ணப்பவே சொல்லிட்டாங்க. அதான் வரச் சொன்னேன். எதிர்ல ஒரு ஆள் உக்காந்தா முள் நிக்கும்னு போன வருஷமே கண்டுபிடிச்சிட்டேன்... நீ ஏன்னு கேக்குறியான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.