சிமெந்துக் கைதிக்குச் சோறு

தலைமன்னார் பஸ்ஸில் நான் புத்தகம் விரித்திருந்தேன். ஒட்டுக்கேட்பதற்கு அதைவிடக் கௌரவமான மறைப்பை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பின் சீட்டில் ஒருவர் சொன்னார்:

"மச்சான், நான் செய்த கைதிக்குச் சோறு வைக்கினம்."

கோயில்களுக்குப் புனிதர் சொரூபம் செய்பவராம். குற்றமும் தண்டனையும் பற்றிப் புதிதாய்த் திறக்கப்போகும் மியூசியத்துக்கு, சிறைக்கூண்டுக்குள் வைக்க ஒரு சிமெந்துக் கைதி செய்திருக்கிறார்.

"நீ அந்தோனியாரின்ர அச்சில வார்த்திருப்பாய். சனம் நேத்திக்கடன் வைக்குது."

"அச்சுத்தான். புனிதர் மாதிரிக் கிடக்கெண்டு மியூசியக்காரர் கத்தினவை. பிறகு கன்னத்தைச் சீவி ஒட்ட வைச்சனான். ஆரையும் நினைச்சுச் செய்யேல்லை, சத்தியமா."

"பிறகு?"

"அங்க கூட்டுற மனுசி கண்டிட்டா. காணாமல்போன தன்ர மகனாம்."

நான் பக்கத்தைப் புரட்ட மறந்தேன்.

"முகத்தை மாத்திவிடன்."

"அப்பிடித்தான் மியூசியக் கந்தோரிலயும் சொல்லிச்சினம். நாளைக்குத் திறப்பு. முந்தநாள் உளியை வைச்சனான். மனுசி கையைப் பிடிச்சு, 'இன்னும் அடிக்காதேங்கோ தம்பி' எண்டா."

"அந்தச் சோறு?"

"அவ மனம் நோகக்கூடாதெண்டு அண்டைக்கு நான்தான் சாப்பிட்டனான். நேற்று நான் போகேல்லை. நேற்றும் சோத்துக் கோப்பை வெறுமையாம்."

பின்னால் ஒரு பைக்குள் இரும்பு உரசியது.

"அப்ப இண்டைக்கு ஏன் உளியோட போறாய்?"

"முகத்துக்கில்லை. கூண்டுக் கம்பியைக் கழட்ட."