சாய்ந்து பார்க்காத நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் முதல்வரின் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்காவான அம்மையார் அவர்களே, மரவேலைப் பள்ளியின் இந்நாள், முன்னாள் மாணவர்களே, பட்டறையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருக்கும் தச்சர்களே, எங்கள் ரம்பச் சத்தத்தைப் பற்றி ஓயாமல் புகார் சொன்ன, இன்று எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்ட பக்கத்து அச்சக உரிமையாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்தப் பள்ளியில் வரைபடம் சொல்லித் தருகிறவள். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. புகழ்ந்து பேசுவது அதைவிடப் பழக்கமில்லை. வேறு யாராவது பேசட்டுமே என்றுதான் முதலில் சொன்னேன். "அவரோட அதிகமா சண்டை போட்டது நீங்கதான் மேடம், நீங்க பேசினாத்தான் சரியா இருக்கும்" என்றார்கள். அந்தத் தகுதியை என்னால் மறுக்க முடியவில்லை.

முதலில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளைக் கொஞ்சம் பாருங்கள். பிளாஸ்டிக். வாடகைக்கு எடுத்து வந்தவை. நாற்காலி செய்யக் கற்றுத்தரும் பள்ளியில், அதன் முதல்வருக்கு நடக்கும் இரங்கல் கூட்டத்தில், பிளாஸ்டிக் நாற்காலி. இதற்கு யார் காரணம்? அவரேதான். தேறிய நாற்காலியைச் செய்தவரே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் வைத்த விதி. தேறாத நாற்காலியைப் பிரித்துப் போட வேண்டும் என்பதும் அவர் வைத்த விதி. தேறியது வாசலைத் தாண்டிப் போய்விடும். தேறாதது மேசைமேல் கட்டைகளாகக் கிடக்கும். நடுவில் மனிதர் உட்கார ஒன்றும் மிஞ்சாது. ஆசிரியர் கூட்டங்களை நாங்கள் நின்றுகொண்டே நடத்தினோம். "நின்னா சீக்கிரம் முடியும் மேடம்" என்பார். ஒருநாளும் சீக்கிரம் முடிந்ததில்லை.

மாணவர்கள் அவருக்குக் கிரீச் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும். உள்ளூரப் பிடிக்கவும் செய்தது.

அந்தப் பெயர் ஏன் வந்தது என்று வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மாணவர் நாற்காலியை முடித்துவிட்டால் மறுநாள் தேநீர் இடைவேளையில் தேர்வு. தேர்வு என்றால் அளவுகோல் கிடையாது, மூலைமட்டம் கிடையாது. கையில் டீயோடு வருவார். உட்காருவார். முன்கால் இரண்டையும் தூக்கி, பின்கால்களில் சாய்வார். எந்த வீட்டிலும் பிள்ளைகளைச் செய்யாதே என்று அதட்டுவோமே, அதே சாய்ப்பு. சாய்ந்தபடி ஊர்க்கதை பேசுவார். கிரிக்கெட் பேசுவார். அச்சகக்காரர் கடைசியாகச் சொன்ன புகாரைப் பேசுவார். நாற்காலியைச் செய்தவர் சுவரோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டீ முடியும்வரை சத்தம் வராவிட்டால் தேர்ச்சி. எங்காவது ஒரு சின்னக் கிரீச் கேட்டால், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரே ஒரு சொல் சொல்வார். "பிரிங்க."

அவ்வளவுதான். எங்கே சத்தம் வந்தது, ஏன் வந்தது, எதையும் சொல்ல மாட்டார். பிரிப்பதற்கு வசதியாக, வெந்நீர் பட்டால் இளகும் பழைய வச்சிரப் பசையைத்தான் எல்லோரும் பயன்படுத்த வேண்டும். அதைக் காய்ச்சும் நாற்றத்தில் நான் வகுப்பெடுத்திருக்கிறேன். என் புடவைகள் எல்லாவற்றிலும் அந்த வாடை இன்னும் இருக்கிறது.

இது ஒரு தேர்வு முறையா? நான் பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவள். அளவு, கோணம், இணைப்பின் இறுக்கம், மேற்பரப்பு என்று பகுதி பகுதியாகப் பிரித்து ஒரு மதிப்பீட்டு அட்டவணை தயாரித்துக் கொடுத்தேன். மிகுந்த மரியாதையோடு வாங்கிக்கொண்டார். முழுவதும் படித்தார். "அருமையா இருக்கு மேடம்" என்றார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், அது நாலாக மடிந்து, இழைப்பு மேசையின் ஆடும் காலுக்கு அடியில் இருந்தது. கேட்டேன். "உங்க அட்டவணை வந்த பிறகுதான் மேடம் இந்த மேசை நேரா நிக்குது" என்றார்.

இப்படிப்பட்ட ஒருவரோடு எப்படி வேலை செய்வது?

அவர் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. மாடி அறைக்கு ஒரு பெரிய அலமாரி செய்தாரே, நினைவிருக்கிறதா? படிக்கட்டின் திருப்பத்தில் நுழையாது என்று கரும்பலகையில் அளவோடு வரைந்து காட்டினேன். "மரம் வளைஞ்சு குடுக்கும் மேடம்" என்றார். மரம் வளைந்து கொடுக்கவில்லை. சுவரும் வளைந்து கொடுக்கவில்லை. அலமாரியை நடுவில் அறுத்துத்தான் மேலே ஏற்றினோம். அந்த வெட்டு இன்றும் தெரிகிறது. வருகிறவர்களிடம் எல்லாம் அதை அவரே காட்டுவார். "இது மேடம் சொன்ன இடம்" என்பார். தப்பை ஒப்புக்கொள்வதில்கூட நம்மை எரிச்சல்படுத்த முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். இன்னொரு முறை, ஒரு மாணவரின் நாற்காலி கிரீச் என்று எச்சரிக்காமல் நேரே உடைந்துவிட்டது. சார் தோளெலும்பு முறிந்து, கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு மறுவாரமே வந்தார். வந்ததும் என்ன செய்தார்? அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்தார். அக்கா அன்று பள்ளிக்கே வந்து திட்டியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அச்சகத்துக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பள்ளியிலிருந்து போன நாற்காலியில் உட்கார்ந்து யாரும் விழுந்ததாக இதுவரை ஒரு செய்தியும் வரவில்லை. விழ வேண்டியதை எல்லாம் அவரே விழுந்து முடித்துவிட்டார்.

அடுத்த அறையில் ஒரு நாற்காலி முனகினால்கூட அவர் காதுக்குக் கேட்டுவிடும், வரைபடப் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து தலையைத் தூக்குவார். அந்தக் காதைப் பற்றித்தான் எனக்குக் கோபம்.

கடந்த சில மாதங்களாக அவர் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுவார். கைப்பிடியைத் தடவிப் பார்ப்பார். "இதைப் பாத்தீங்களா மேடம், இணைப்புல எவனோ ஆணி அடிச்சு வச்சிருக்கான்" என்பார். யார்தான் சந்தேகப்படுவார்கள்? எங்கே மரத்தைக் கண்டாலும் நின்று குறை சொல்வது அவர் வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னிடம் சொன்னார். "வீட்லயும் இதே கதைதான். ரெண்டு படிக்கு ஒரு தரம் நிப்பாரு. டாக்டர்கிட்டப் போகலாம் வாங்கன்னா, கோளாறு படியிலதான் இருக்கு, எங்கிட்ட இல்லன்னுவாரு. அந்தக் கைப்பிடியைச் சரி பண்ணித் தொலைங்களேன்னு நானும் சொல்லிட்டே இருந்தேன்."

பள்ளியிலும் சரி, வீட்டிலும் சரி, கைப்பிடியில் ஒரு குறையும் இல்லை. நான் நேற்று போய்ப் பார்த்தேன். ஆணியும் இல்லை.

ஊரார் செய்த நாற்காலியில் எல்லாம் சின்னச் சத்தம் கேட்டால்கூடப் பிரித்துப் போடு என்று சொன்ன மனிதர், தன் நெஞ்சு போட்ட சத்தத்தைக் கைப்பிடியின் மேல் பழி போட்டு மூடி மறைத்தார். இதை நான் எப்படிப் புகழ்வது? எந்த அடைமொழியைப் போட்டுச் சொல்வது? அமைதியாகப் போய்விட்டார் என்று சொல்கிறார்கள். அமைதியாக அல்ல. நமக்குக் கேட்காமல் போய்விட்டார். இரண்டும் ஒன்றல்ல.

இனி, இந்த மேடையில் இருக்கும் நாற்காலிக்கு வருகிறேன். இதன்மேல் அவர் படத்தை வைத்திருக்கிறீர்கள். அன்பினால்தான் வைத்தீர்கள். ஆனால் இது யாருடைய நாற்காலி என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

கடைசி வரிசையில், தூணோரம் நின்றுகொண்டிருக்கிறாரே, நாங்கள் தையல்காரம்மா என்று கூப்பிடுகிறவர், அவர் செய்தது. கழுத்து வலி தாங்காமல் தையல் மெஷினை விட்டுவிட்டு, இனி நின்று செய்யும் வேலைதான் என்று தேடி, நாற்பது வயதுக்கு மேல் இங்கே வந்து சேர்ந்தவர். கூடப் படித்தவர்கள் எல்லாம் தேறிப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பிரித்தார், சேர்த்தார், மறுபடி பிரித்தார். அதோ உட்கார்ந்திருக்கும் நம் பழைய மாணவர், இன்று பெரிய பட்டறை நடத்துகிறவர், கிரீச் சார் தேர்ச்சி போட்டால் அடுத்த நாளே வேலை என்று இவருக்குச் சொல்லியிருக்கிறார். கடைசியாக இதைச் சேர்த்து முடித்த அன்று மாலை சாரிடம் போய் நின்றார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"பசை காயட்டும்மா. நாளைக்கு டீக்கு உட்கார்ந்து பாக்கறேன்" என்றார் அவர்.

"நாளைக்குக் கண்டிப்பா வருவீங்களா சார்?"

"வராம எங்கம்மா போகப்போறேன்?"

மறுநாள் டீ வந்தது. அவர் வரவில்லை.

அன்றிலிருந்து இந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தொடுவதற்கே தயங்குகிறார்கள். நம் தலைவர் அவர்கள் சற்று முன்பு பேசும்போது, இதை நினைவுச் சின்னமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், தையல்காரம்மாவுக்கு மனிதாபிமான அடிப்படையில் சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்றார். நல்ல மனதோடு சொன்னார். எல்லோரும் கை தட்டினீர்கள். தட்டாமல் நின்றவர் ஒருவர்தான். கூட்டத்துக்கு முன்பே அவரிடம் இந்த யோசனையைச் சொன்னபோது என்ன சொன்னார் தெரியுமா? அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"சும்மா குடுத்தா நான் என்ன மேடம் பண்றது? நாளைக்கு நான் செஞ்ச நாற்காலில யாராவது உட்கார்ந்து விழுந்தா, அவங்ககிட்டக் கண்ணாடிப் பெட்டியையா காட்டுவேன்? இது நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். யாரும் உட்காராத நாற்காலி நினைவுச் சின்னம் ஆகாது. அது வெறும் கட்டை. கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் இது நல்ல நாற்காலியா, மோசமான நாற்காலியா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். செய்தவருக்கும்கூட. மனிதரை ஏற்கெனவே அப்படித்தான் இழந்தோம். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சாய்த்துப் பார்க்கவில்லை. நாற்காலியையும் அப்படி விட வேண்டாம்.

கூட்டத்தின் முடிவில் ஒரு நிமிடம் மௌனம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அதை இப்போதே வைத்துக்கொள்ளலாம். எழுந்து நிற்க வேண்டாம். கண்ணை மூட வேண்டாம். காதை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மின்விசிறியை யாராவது நிறுத்துங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் நெளியாதீர்கள், அதுவும் சத்தம் போடும். அக்கா, இந்தப் படம் கொஞ்ச நேரம் உங்கள் மடியில் இருக்கட்டும். தையல்காரம்மா, முன்னால் வாருங்கள். என் எடை அவர் எடையில் பாதிதான் இருக்கும் என்பதால், அந்த இரண்டு தேக்குக் கட்டைகளை என் மடியில் வையுங்கள். இதைத்தான் நான் அட்டவணையில் எழுதியிருந்தேன், தேர்வுக்கு நிலையான ஒரு எடை வேண்டும் என்று. போகட்டும்.

உட்காருகிறேன். சாய்கிறேன். அமைதி.

கேட்டதா?

எனக்கும் கேட்டது. இடது பின்கால், இருக்கைச் சட்டம் சேருமிடம். அக்கா, உங்களுக்கும் கேட்டது, தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். தையல்காரம்மா சிரிக்கிறார். அழுகிறாரோ என்று பார்த்தேன், இல்லை, சிரிக்கத்தான் செய்கிறார். "அந்தக் கால்லதான் மேடம் எனக்கும் சந்தேகம்" என்கிறார். பட்டறைக்காரர் அவர்களே, அந்த வேலையை இன்னும் கொஞ்சம் நாள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். வைத்திருக்கிறேன் என்று தலையை ஆட்டுகிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு மாற்றிப் பேசக் கூடாது.

உறுதிமொழி எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. எனக்குப் பெரிய வார்த்தைகள் வராது. இந்தப் பள்ளியில் இனி செய்யப்படும் ஒவ்வொரு நாற்காலியிலும் நான் உட்காருவேன். மடியில் கட்டையோடு, கையில் டீயோடு, பின்கால்களில் சாய்வேன். கிரிக்கெட் பேச எனக்குத் தெரியாது, அச்சகத்தாரைப் பற்றிப் பேசிக்கொள்கிறேன். எந்த இடத்தில் சத்தம் வந்தது என்பதை வாய்விட்டுச் சொல்வேன், அவரைப் போல மென்று விழுங்க மாட்டேன். படியில் யார் நின்றாலும், கைப்பிடி நன்றாகத்தான் இருக்கிறது, வாருங்கள் டாக்டரிடம் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்துப் போவேன். என் அட்டவணையை மேசைக்கு அடியிலிருந்து எடுக்க மாட்டேன். எடுத்தால் மேசை ஆடும்.

முதல்வர் அவர்களே, கிரீச் சார் அவர்களே, கடைசி நாற்காலியையும் என் தலையில் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். நீங்கள் பாக்கி வைத்த அந்த ஒரு சொல்லை நான் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

அடுப்பில் வெந்நீர் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிரிங்கம்மா.